எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் படுத்துருச்சு, உள்ள இருக்கற ஃபைல எப்படி எடுக்கறது?

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க், அஞ்சு வருஷமா ஓடிட்டு இருந்தது. குழந்தைங்க ஃபோட்டோ, ஸ்கேன் பண்ணி வெச்ச பழைய பேப்பர், போன வருஷம் தவறிப்போன அப்பா பேசின வீடியோ எல்லாம் அதுல மட்டும்தான். கொஞ்ச நாளாவே காப்பி பண்ணா இழுத்துட்டு இருந்தது, இப்ப பிளக் பண்ணா லைட் எரியுது, சுத்தற சத்தம் கேக்குது, டிரைவ் லெட்டர்கூட வருது, ஆனா கிளிக் பண்ணா அஞ்சு நிமிஷம் தொங்கிட்டு அப்புறம் ஃபார்மேட் பண்ணனும்னு கேக்குது. நடுவுல எப்பவாச்சும் ஒரு டிக் சத்தம். ஒருத்தர் செக்டிஸ்க் போடுன்னாரு, ஒருத்தர் ஃப்ரீசர்ல வைன்னாரு, இன்னொருத்தர் கழட்டித் திறந்து பாத்துடலாம்னாரு. எத பண்றது?

மூணுமே வேணாம். இப்ப அது கம்ப்யூட்டர்ல சொருகி இருந்தா மொதல்ல கழட்டி வெச்சிருங்க, மீதிய அப்புறம் படிக்கலாம். ஃபார்மேட் கேட்டதுக்கு கேன்சல் குடுத்தீங்கன்னா ரொம்ப நல்லது. தெரியாம ஓகே குடுத்து குயிக் ஃபார்மேட் ஆயிருந்தாலும் பெரும்பாலான டிஸ்க்ல பொதுவா எடுக்க முடியும், பதறாதீங்க. ஆனா ஃபுல் ஃபார்மேட் வேற கதை, விண்டோஸ் விஸ்டாவுக்கு அப்புறம் வந்த எல்லா விண்டோஸ்லயும் ஃபுல் ஃபார்மேட்னா டிஸ்க் பூரா ஜீரோ எழுதும், எழுதின இடத்துல இருந்தது திரும்ப வராது. மேக்ல இதே எடத்துல இனிஷியலைஸ்னு ஒரு பட்டன் வரும், அதையும் தொடாதீங்க.

ஏன் இவ்ளோ அவசரமா கழட்டச் சொல்றேன்னா, உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா உங்களுக்கே புரியும். உள்ள கண்ணாடியோ அலுமினியமோ, கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு தட்டு, நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்துது. அதுக்கு மேல ஹெட்டுன்னு ஒரு குட்டி சமாச்சாரம் தட்டத் தொடாம சில நானோமீட்டர் உயரத்துல மிதந்துட்டே படிக்குது. நம்ம தலைமுடி தடிமன் எழுபதாயிரம் நானோமீட்டர் அளவுல இருக்கும், அத வெச்சு யோசிச்சுப் பாருங்க. அந்த ஹெட்டு லேசா பழுதானாலும், தட்டுல ஒரு எடம் கெட்டாலும், டிஸ்க் அங்கயே நின்னு திரும்பத் திரும்ப படிக்க முயற்சி பண்ணும். விண்டோஸ் சும்மா இருக்காது, தம்ப்நெயில் போடணும், இண்டெக்ஸ் பண்ணணும், ஆன்டிவைரஸ் ஸ்கேன் பண்ணணும்னு அதே கெட்ட எடத்தயே போட்டு அடிச்சிட்டு இருக்கும். நீங்க டீ குடிச்சிட்டு வர்ற நேரத்துல அந்த ஹெட்டு ஆயிரம் தடவை அடி வாங்கிருக்கும். சாகப்போற டிஸ்க்குக்கு இன்னும் எத்தன மணி நேரம் ஓட்டம் மிச்சம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அந்த மிச்ச நேரத்த ஃபைல வெளிய எடுக்கறதுக்கு மட்டும்தான் செலவு பண்ணணும். நான் சொல்ல வர்ற மொத்த விஷயமும் இது ஒண்ணுதான், கீழ வர்றதெல்லாம் இத எப்படி செய்யறதுங்கறதுதான்.

விண்டோஸோட டிஸ்க் சரிபாக்கற டூலான செக்டிஸ்க் பத்தி நான் இவ்ளோ அழுத்தமா சொல்றதுக்கு காரணம் இருக்கு. பல வருஷம் முன்னாடி எங்கக்கா பொண்ணோட சின்ன வயசு ஃபோட்டோ இருந்த டிஸ்க் இதே மாதிரி ஃபார்மேட் கேட்டுச்சு, நான்தான் செக்டிஸ்க் போட்டேன், ராத்திரி பூரா ஓடிச்சு, காலைல பாத்தா ஃபோல்டர் பேரெல்லாம் போயிருச்சு, ஃபவுண்டு.000ன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள நம்பர் போட்ட சிஎச்கே ஃபைலா நூத்துக்கணக்குல, பாதி திறக்கவே இல்ல. டிஸ்க்கும் அன்னிக்கே முழுசா படுத்துருச்சு. செக்டிஸ்க்கோட வேலை ஃபைல் சிஸ்டத்த, அதாவது எந்த ஃபைல் எங்க இருக்குங்கற கணக்க, ஒழுங்குபடுத்தறது, உங்க ஃபைல காப்பாத்தறது அதோட வேலை கிடையாது. ஒரு என்ட்ரிய படிக்க முடியலன்னா அத வெட்டி விட்டுட்டு மீதிய ஒழுங்காக்கிடும், அதுவும் அதே டிஸ்க்லயே எழுதி. நல்லா இருக்கற டிஸ்க்ல கரண்ட் போயி ஃபைல் சிஸ்டம் குழம்பியிருந்தா அது பிரமாதமான டூல்தான். டிஸ்க்கே சாகும்போது போட்டா, ஒரே காப்பியா இருந்த உங்க வீட்டு ஃபோட்டோ மேல அது ஆபரேஷன் பண்ணுது, திரும்பிப் போக வழி இல்லாத ஆபரேஷன்.

சரி, மொதல்ல நோய் என்னன்னு பாக்கணும், அதுக்கு காதுதான் பெரிய கருவி. ஒரே ஒரு தடவை சொருகி பத்து இருபது செகண்டு காது குடுத்து கேளுங்க. சீரா சுத்தி, மெல்லிசா ஒரு சத்தத்தோட நிலைச்சு, அப்புறம் அமைதியா ஓடுச்சுன்னா ஹெட்டும் மோட்டாரும் பெருசா கெடலன்னு நம்பலாம். டக் டக் டக்னு ஒரே சீரா அடிச்சுட்டு சுத்தறது நின்னுபோனா ஹெட்டு அதோட வழிய கண்டுபிடிக்க முடியாம போய்ப் போய் முட்டுதுன்னு அர்த்தம், அதுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. பீப் பீப்னு சன்னமா முனகினா மோட்டார் சுத்த முயற்சி பண்ணுது, சுத்த முடியல, பெரும்பாலும் ஹெட்டு தட்டு மேலயே ஒட்டிக்கிட்டிருக்கும், சில நேரம் பவர் பத்தாமலும் இப்படி வரும். சரசரன்னு தேய்க்கற சத்தம் வந்தா ரொம்ப மோசம், தட்டுல கீறல் விழுந்துட்டு இருக்கு, ஒரு செகண்டுகூட ஓட விடாதீங்க. எந்த சத்தமும் இல்ல, அதிர்வும் இல்லன்னா டிஸ்க்கோட சர்க்யூட் போர்டுலயோ பவர்லயோ பிரச்சனையா இருக்கலாம், சில சமயம் அது இருக்கறதுலயே நல்ல செய்தி, ஏன்னா தட்டும் ஹெட்டும் பத்திரமா இருக்க வாய்ப்பு அதிகம்.

பவர், கேபிள் விஷயத்த லேசா நினைக்காதீங்க. சின்ன சைஸ் போர்ட்டபிள் டிஸ்க்குக்கு கரண்டு யூஎஸ்பி வழியாதான் போகுது, யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப்தான் குடுக்கும், 3.0 போர்ட் 900. ஹப்ல சொருகியிருந்தா இன்னும் குறையலாம். அந்த அகலமான ரெட்டை வாய் யூஎஸ்பி 3 கேபிள் லூசாகறதும் சகஜம். அதனால ஒரு நல்ல குட்டை கேபிள், டெஸ்க்டாப்னா பின்பக்க போர்ட், ஹப் இல்லாம, ஒரே ஒரு தடவை. பெரிய சைஸ், தனி அடாப்டர் வெச்ச டிஸ்க்னா அது 12 வோல்ட் கேக்கும், அடாப்டர் செத்துப்போய் டிஸ்க்தான் போச்சுன்னு அழுதவங்கள பாத்திருக்கேன். அதே நேரத்துல பின் பொருந்துதேன்னு லேப்டாப் அடாப்டர சொருகிறாதீங்க, அது 19 வோல்ட் பக்கம் இருக்கும், போர்டு எரியும். எரிஞ்சாலும் போர்டுல டிவிஎஸ் டயோடுன்னு ஒரு காவலாளி பார்ட் இருக்கு, பல தடவை அது மட்டும் ஷார்ட்டாகி மத்தத காப்பாத்தியிருக்கும், தெரிஞ்ச ஆளு அத எடுத்து விட்டா டிஸ்க் எழுந்துரும்.

இனி டப்பாவ கழட்டற விஷயம். இங்க திறக்கறதுன்னு நான் சொல்றது வெளில இருக்கற பிளாஸ்டிக் டப்பாவ மட்டும், உள்ள இருக்கற அலுமினிய மூடி இல்ல, அத எக்காரணம் கொண்டும் தொடாதீங்க. பெரிய டிஸ்க்லயும் சில சின்ன டிஸ்க்லயும் டப்பாக்குள்ள ஒரு சாதாரண சாட்டா டிஸ்க்கும் (சாட்டாங்கறது கம்ப்யூட்டருக்குள்ள டிஸ்க்க மாட்டற கனெக்ஷன்), யூஎஸ்பிக்கு மாத்தித் தர்ற ஒரு குட்டி போர்டும் இருக்கும். அந்த குட்டி போர்டு மட்டும் போயிருந்தா டிஸ்க்க வெளிய எடுத்து கம்ப்யூட்டர்ல நேரா சாட்டால மாட்டினா வேலை முடிஞ்சுது. ஆனா இங்க ரெண்டு பொறி இருக்கு, தெரியாம மாட்டிக்கிட்டு டேட்டாவே போச்சுன்னு முடிவு கட்டிடுவாங்க. ஒண்ணு, வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை பாஸ்போர்ட் வரிசைல பல மாடல்கள்ல நீங்க பாஸ்வேர்டே போடலன்னாலும் போர்டே எல்லாத்தயும் என்கிரிப்ட் பண்ணி, அதாவது பூட்டின ரகசிய வடிவமா மாத்தித்தான் எழுதும், அந்த போர்ட விட்டுட்டு வேற வழியா படிச்சா வெறும் குப்பைதான் தெரியும். அதனால அந்த போர்டு செத்துப்போனாலும் தூக்கிப் போடக்கூடாது. அந்த மாதிரி டிஸ்க் நிறைய யூஎஸ்பி சாக்கெட்ட டிஸ்க் போர்டுலயே வெச்சு சால்டர் பண்ணி வரும், சாட்டாவே இருக்காது. ரெண்டாவது, சில டப்பா போர்டு 512 பைட் செக்டர (டிஸ்க் எழுதற சின்னக் கட்டம்) 4096 பைட்டா மாத்திக் காட்டும், வெளிய எடுத்து மாட்டினா பார்ட்டிஷன் இல்ல, காலி டிஸ்க்னு விண்டோஸ் சொல்லும். உள்ள எல்லாம் அப்படியே இருக்கும், கணக்கு மட்டும் மாறியிருக்கும். இத புரிஞ்சுக்காம புதுசா பார்ட்டிஷன் போட்டுடாதீங்க.

டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு அதுகிட்டயே கேக்கலாம், அதுக்குப் பேரு ஸ்மார்ட். விண்டோஸ்ல கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அஞ்சு நிமிஷத்துக்கு மேல இதுல செலவு பண்ணாதீங்க. பாக்க வேண்டியது மூணு வரி: 05, சி5, சி6. 05ங்கறது கெட்டுப்போய் மாத்தப்பட்ட செக்டர், சி5 படிக்க முடியாம பெண்டிங்ல நிக்கறது, சி6 சோதிச்சுப் பாத்தும் தேறாதது. உங்க டிஸ்க் இழுத்துட்டு இருந்த விதத்த பாத்தா சி5ல நம்பர் இருக்கும்னு நெனைக்கறேன். அந்த சாஃப்ட்வேர் இந்த நம்பர முதல்ல ஹெக்ஸ்ங்கற பதினாறு அடிப்படை எண்ல காட்டும், அதனால 10ன்னு இருந்தா 16ன்னு அர்த்தம். மூணும் பூஜ்யமா இருந்து, சத்தமும் சீரா இருந்து, கேபிளும் நல்ல கேபிளா இருந்தா பிரச்சனை பெரும்பாலும் ஃபைல் சிஸ்டத்துல மட்டும்தான், அது ரொம்ப சுலபமான கேஸ். அப்பவும் குளோன் எடுத்துட்டுத்தான் மத்ததெல்லாம், இதுல எனக்கு சமரசமே கிடையாது.

குளோன்னா ஃபைல் ஃபைலா காப்பி பண்றது இல்ல. டிஸ்க்ல முதல் செக்டர்ல ஆரம்பிச்சு கடைசி செக்டர் வரைக்கும் என்ன இருக்கோ அத அப்படியே இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு மாத்தறது. ஃபைல் ஃபைலா காப்பி பண்ணா ஹெட்டு அங்கயும் இங்கயும் ஓடிட்டே இருக்கும், ஒரு கெட்ட ஃபைல்ல மாட்டினா விண்டோஸ் அங்கயே நின்னுரும், மறுபடியும் முதல்லேர்ந்து. ரெக்கவரி சாஃப்ட்வேர நேரா நோயாளி டிஸ்க் மேல ஓட விடறதும் இதே தப்புதான், ஸ்கேன் முடிய பத்து மணி நேரம், அது முடிஞ்சப்புறம் எடுக்க இன்னொரு பத்து மணி நேரம், அதுக்குள்ள டிஸ்க் போயிரும்.

இதுக்குன்னே பொறந்தது டிடிரெஸ்க்யூன்னு ஒரு லினக்ஸ் டூல், குனூ திட்டத்தோடது, இலவசம். லினக்ஸ் தெரியாதேன்னு ஒதுங்காதீங்க, உபுண்டுவோ சிஸ்டம்ரெஸ்க்யூவோ ஒரு பென்டிரைவ்ல போட்டு அதுல இருந்தே பூட் பண்ணலாம், உங்க கம்ப்யூட்டர்ல எதுவும் இன்ஸ்டால் ஆகாது. இதோட அழகு என்னன்னா மொதல் சுத்துல நல்லா படிக்கற எடத்தையெல்லாம் பெரிய பெரிய துண்டா அள்ளிடும், கெட்ட எடம் வந்தா அங்க மல்லுக்கட்டாம தாண்டிப் போயிரும், அடுத்த சுத்துல எதிர்த் திசைலேர்ந்து வரும், அப்புறம்தான் விட்டுப்போன ஓரத்த செதுக்கும், கடைசியா கெட்ட செக்டர்கூட சண்ட போடும். அதாவது டிஸ்க் நடுவுல செத்தாலும் அதுக்குள்ள அதிகபட்சம் எவ்ளோ எடுக்க முடியுமோ அவ்ளோ கைல இருக்கும். எது எடுத்தாச்சு எது பாக்கின்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதிட்டே வரும், அதனால நடுவுல நிறுத்தி டிஸ்க்க ஆற விட்டு நாளைக்கு விட்ட எடத்துலேர்ந்து தொடரலாம். அந்த மேப் ஃபைல் இல்லாம ஓட்டினா இந்த வசதியெல்லாம் போச்சு, மறக்காம குடுங்க, அதையும் லைவ் பென்டிரைவோட மெமரில வெக்காம ரீபூட் ஆனாலும் அழியாத எடத்துல வைங்க. மொதல் ஓட்டத்துல செதுக்கற வேலை வேணாம்னு சொல்ற ஆப்ஷனோட ஓட்டுங்க, அது முடிஞ்சப்புறம் தேவைன்னா ரெண்டு மூணு ரீட்ரை போதும், நூறு ரீட்ரைன்னு போட்டு வதைக்காதீங்க.

இதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது சிலது இருக்கு. காப்பி போற டிஸ்க் பழைய டிஸ்க்க விட பெருசா இருக்கட்டும், உங்களுக்கு 4 டிபி வாங்கினா நிம்மதி, ஏன்னா குளோன இமேஜ் ஃபைலா, அதாவது டிஸ்க் மொத்தமும் அடங்கின ஒரே ஃபைலா வெச்சு மீட்ட ஃபைலையும் அதுலயே போட எடம் இருக்கும். அந்த புது டிஸ்க்கோட ஃபார்மேட் என்டிஎஃப்எஸ்ஸோ எக்ஸ்ஃபேட்டோ இருக்கட்டும், ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் வெக்க முடியாது. லினக்ஸ்ல டிஸ்க் சொருகினதும் தானா மவுண்ட் ஆகற, அதாவது திறந்துக்கற செட்டிங்க பழைய டிஸ்க்க சொருகறதுக்கு முன்னாடியே அணைச்சிருங்க. அப்புறம் எது சோர்ஸ் எது டெஸ்டினேஷன்ங்கறத சைஸும் சீரியல் நம்பரும் வெச்சு ரெண்டு தடவை சரி பாருங்க, முடிஞ்சா பக்கத்துல இன்னொருத்தர உக்கார வெச்சு சத்தமா படிக்கச் சொல்லுங்க. திசை மாத்திக் குடுத்தா காலி டிஸ்க்க உங்க ஃபோட்டோ மேல எழுதிரும், அதுக்கு எந்த டேட்டா ரெக்கவரி லேப்லயும் மருந்து கிடையாது. சாட்டாவா மாட்ட முடிஞ்சா சாட்டால மாட்டுங்க, யூஎஸ்பி போர்டு கெட்ட செக்டர் வந்தா குழம்பி டிஸ்க்கயே கழட்டி விட்டுரும். டிஸ்க்குக்கு பக்கத்துல ஒரு சின்ன ஃபேன் ஓடட்டும், சமதளத்துல படுக்க வைங்க, ஓடும்போது நகத்தாதீங்க.

எவ்ளோ நேரம் ஆகும்னு கேப்பீங்க. நல்ல டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பி படிச்சா 2 டிபிக்கு அஞ்சரை மணி நேரம். அதே டிஸ்க் 2 எம்பிதான் படிக்குதுன்னா 11 நாளைக்கு மேல. உங்களோடது ரெண்டுக்கும் நடுவுல எங்கயாச்சும் இருக்கும். ஸ்பீடு ஏறும் இறங்கும், அதப் பாத்து பயப்படாதீங்க, ஆனா சத்தம் மாறினா, டக் டக்னு அடிக்க ஆரம்பிச்சா, இல்ல ஒரே சீரா பெரிய பெரிய பட்டையா படிக்காம போனா உடனே நிறுத்துங்க. பட்டை பட்டையா போகறது ஒரு ஹெட்டு செத்ததோட அடையாளம், பல ஹெட்டு இருக்கற டிஸ்க்ல ஒண்ணு போனாலும் மத்தது படிக்கும், அதுக்கு மேல நம்ம கைல இல்ல. ஆனா அதுவரைக்கும் எடுத்த இமேஜும் மேப்பும் வீண் இல்ல, லேப்ல குடுக்கும்போது அதையும் சேத்து குடுங்க.

இன்னொரு விஷயம், 99.99 சதவீதம் எடுத்தாச்சுன்னு காட்டினா சந்தோஷமா இருக்கும், ஆனா 2 டிபில 0.01 சதவீதம்னா 200 எம்பி. அது காலி எடத்துல விழுந்தா ஒண்ணுமில்ல, ஃபோல்டர் கணக்கு வெக்கற எம்எஃப்டி மேல விழுந்தா ஆயிரக்கணக்கான ஃபைலோட பேரு போயிரும். அதனால சதவீதத்த மட்டும் நம்பாதீங்க. டிடிரெஸ்க்யூலயே ஃபில்னு ஒரு வசதி இருக்கு, படிக்க முடியாத எடத்த ஒரு தனி வார்த்தையால நிரப்பி விடலாம், அப்புறம் அந்த வார்த்தை எந்தெந்த ஃபைல்ல இருக்குன்னு தேடினா எது அடிபட்டதுன்னு சரியா தெரிஞ்சுரும். இத இமேஜோட இன்னொரு காப்பில செய்யுங்க.

குளோன் முடிஞ்சதும் பழைய டிஸ்க்க கழட்டி ஒரு பெட்டில வெச்சு மூடிருங்க. இனி எல்லா விளையாட்டும் குளோன் மேலதான், தப்பு பண்ணா திரும்ப ஆரம்பிக்கலாம், அந்த சுதந்திரம் எவ்ளோ பெருசுன்னு செஞ்சு பாத்தா தெரியும். மொதல்ல இமேஜ ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணிப் பாருங்க, பல தடவை ஃபோல்டர் எல்லாம் அப்படியே வந்து நிக்கும். வரலன்னா ஆர்-ஸ்டுடியோ, யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர், டிஎம்டிஇ இந்த மூணு ரெக்கவரி சாஃப்ட்வேர்ல ஒண்ணு. டிஎம்டிஇ இலவசப் பதிப்புலயே ஒரு தடவைக்கு ஒரு ஃபோல்டர்ல 4000 ஃபைல் வரைக்கும் எடுக்கலாம், வீட்டுத் தேவைக்கு அதுவே போதும். காசு குடுத்து வாங்கற எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் மொதல்ல ட்ரையல்ல ஸ்கேன் பண்ணி உங்க ஃபோட்டோ பிரிவியூல தெரியுதான்னு பாத்துட்டு வாங்குங்க. பார்ட்டிஷனே தொலைஞ்சு போயிருந்தா டெஸ்ட்டிஸ்க்ங்கற டூல் நல்லா தேடும்.

ஃபோல்டர் அமைப்பே அழிஞ்சு போச்சுன்னா கடைசி வழி ஃபோட்டோரெக்ங்கற டூல். அது ஃபைல் பேரு, ஃபோல்டர் எதையும் பாக்காது, ஒவ்வொரு செக்டரா போய் ஒரு ஜேபெக்கோட தலை எங்க ஆரம்பிக்குதுன்னு அடையாளம் பாத்து உருவி எடுக்கும், நானூத்தி எண்பதுக்கு மேல எக்ஸ்டென்ஷன் தெரியும் அதுக்கு. ஃபோட்டோவுக்கு இது அருமையா வேலை செய்யும், பேரு போனாலும் ஃபோட்டோக்குள்ளயே எடுத்த தேதி இருக்கும், அத வெச்சு பின்னாடி அடுக்கிக்கலாம். வீடியோதான் பிரச்சனை. பெரிய ஃபைல் டிஸ்க்ல துண்டு துண்டா சிதறி இருக்க வாய்ப்பு அதிகம், உருவி எடுக்கற முறை ஒரே எடத்துல தொடர்ச்சியா இருக்குன்னு நெனச்சுதான் எடுக்கும், அதனால பாதில நின்னுரும் இல்ல திறக்காது. எம்பி4ல இன்னொரு சங்கடம், எந்த ஃப்ரேம் எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை பல கேமராவுல ஃபைலோட கடைசில இருக்கும், அது போயிட்டா முழு வீடியோவும் இருந்தும் ப்ளே ஆகாது. அந்த மாதிரி ஃபைல அழிச்சுடாதீங்க, அதே ஃபோன்ல எடுத்த இன்னொரு நல்ல வீடியோவ மாதிரியா வெச்சு அட்டவணைய திரும்பக் கட்டற டூல் இருக்கு, அன்ட்ரங்க்னு தேடிப் பாருங்க. அப்பா வீடியோ இப்படி வந்தா அதுக்கும் வழி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னுதான் இத இவ்ளோ நீட்டி சொல்றேன்.

எஸ்எஸ்டி வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, மேல சொன்ன சத்தக் கதை எதுவும் அதுக்கு பொருந்தாது, அழிச்ச ஃபைலோட எடத்த காலி பண்ணி வெக்கற ட்ரிம்ங்கற வசதி வந்து அத துடைச்சிருச்சுன்னா எந்த சாஃப்ட்வேரும் எடுக்காது. சமீபத்துல வர்ற எஸ்எம்ஆர் வகை (தடங்கள ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏற எழுதறது) ஹார்ட் டிஸ்க் சிலதும் இதே ட்ரிம் வேலைய பண்ணுது, அதுல குயிக் ஃபார்மேட் ஆனாலே நெலமை மோசம், கழட்டி வெக்கறதுல தாமதிக்காதீங்க. விண்டோஸோட டிஸ்க் பூட்டற வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தா 48 இலக்க ரெக்கவரி கீய இப்பவே தேடி எடுத்து வைங்க, அது இல்லன்னா குளோன் எவ்ளோ சுத்தமா வந்தாலும் பிரயோஜனம் இல்ல.

இப்ப அந்த ஃப்ரீசர் யோசனை. ரொம்ப பழைய டிஸ்க் சிலதுல குளிர்ல உலோகம் சுருங்கி ஒட்டிக்கிட்டது விட்டுருக்கலாம், அந்தக் கதைதான் இன்னும் சுத்திட்டு இருக்கு. இன்னிக்கு டிஸ்க்ல குளிர்லேர்ந்து வெளிய எடுத்ததும் உள்ள தட்டு மேல ஈரம் படியும், சில நானோமீட்டர் உயரத்துல பறக்கற ஹெட்டுக்கு முன்னாடி ஒரு நீர்த்துளிங்கறது மலை. போர்டு மாத்தற யோசனையும் அப்படித்தான், அதே மாடல் போர்டு வாங்கி மாட்டினா போதும்னு சொல்வாங்க, ஆனா ஒவ்வொரு டிஸ்க்கோட ஹெட்டுக்கும் ஏத்த அளவுகள் பெரும்பாலும் போர்டுல எட்டு கால் வெச்ச ஒரு குட்டி ரோம் சிப்ல இருக்கும், அத பழைய போர்டுலேர்ந்து எடுத்து புதுசுல ஒட்டாம ஓடாது. மூடிய திறக்கறதுக்கு லேப்ல கிளாஸ் 100ங்கற அளவு சுத்தமான காத்து வெச்சிருப்பாங்க, ஒரு கன அடி காத்துல அரை மைக்ரானும் அதுக்கு மேலயும் இருக்கற தூசி 100க்குள்ள இருக்கணும். நம்ம வீட்டு மேஜைல திறந்தா அந்த நிமிஷமே தூசி தட்டு மேல உக்காந்துரும்.

உங்க டிஸ்க் விஷயத்துல என் முடிவு கேட்டா, அந்த டிக் சத்தம்தான் என்ன தயங்க வெக்குது. ஸ்மார்ட் பாக்கறப்போ டிஸ்க் தன் பேரயும் சரியான சைஸயும் சொல்லி, டிக் சத்தம் எப்பவாச்சும் ஒண்ணுன்னு இருந்தா ஒரே ஒரு டிடிரெஸ்க்யூ ஓட்டம் முயற்சி பண்ணலாம், அதுவும் இந்த டூல முன்னாடி ஒரு நல்ல பென்டிரைவ வெச்சு பழகிப் பாத்தப்புறம். ஆனா அப்பா வீடியோ வேற எங்கயும் இல்லங்கறீங்க. என் வீட்டு டிஸ்க்கா இருந்தா, சத்தம் தொடர்ந்து வந்துச்சுன்னா நான் ஒரு தடவைகூட முயற்சி பண்ணாம லேபுக்குத்தான் அனுப்புவேன். அவங்ககிட்ட பிசி-3000, டீப்ஸ்பார் மாதிரி கருவி இருக்கும், அது ஒவ்வொரு ஹெட்டா தனித்தனியா அணைச்சு படிக்க வெக்கும், கெட்ட செக்டர்ல எத்தன மில்லிசெகண்டு நிக்கணும்னு அளந்து தாண்டும், டிஸ்க்க இயக்கற உள் சாஃப்ட்வேரான ஃபர்ம்வேர் இருக்கற சர்வீஸ் ஏரியா கெட்டிருந்தாலும் சரி பண்ணும். நம்ம யூஎஸ்பி கேபிளால அது எதையும் செய்ய முடியாது.

லேப் தேர்ந்தெடுக்கறப்போ கேக்க வேண்டியத கேளுங்க. வேலைய இங்கயே பண்றீங்களா, வேற எடத்துக்கு அனுப்பறீங்களா? ஹெட்டு மாத்தணும்னா டோனர் டிஸ்க் (உதிரி பார்ட் எடுக்கறதுக்கான அதே மாதிரி டிஸ்க்) வெச்சிருக்கீங்களா? பாத்து சொல்றதுக்கு முன்னாடியே காசு கேக்கறீங்களா, ஃபைல் வரலன்னா எவ்ளோ? எடுத்த ஃபைல் லிஸ்ட்ட பணம் கட்டறதுக்கு முன்னாடி காட்டுவீங்களா? டிஸ்க்க பாக்காமலே நூறு சதவீதம் எடுத்துத் தர்றேன்னு சொல்றவர்கிட்ட குடுக்காதீங்க, அத யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது. நீங்க என்னெல்லாம் பண்ணீங்கன்னு ஒளிக்காம சொல்லுங்க, கீழ விழுந்துச்சுன்னா விழுந்துச்சுன்னே சொல்லுங்க, அவங்க முதல் தடவை கரண்டு குடுக்கறதுக்கு முன்னாடி அது தெரிஞ்சாகணும். எந்த ஃபோல்டர் உயிர், எது போனாலும் பரவாயில்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, அப்பா வீடியோவ முதல் வரில. டிஸ்க் நடுவுல செத்தாலும் அது மொதல்ல வெளிய வந்திருக்கும். அனுப்பறப்போ ஆன்டிஸ்டேட்டிக் கவர்ல போட்டு சுத்தி நாலு பக்கமும் ரெண்டு இஞ்ச் மெத்துன்னு வெச்சு அனுப்புங்க.

லேப்ல இருக்கற நாள்ல சும்மா இருக்காம வேற எடத்துல தேடுங்க, இதுல நான் நிறைய பேரு முகம் மலர்ந்து பாத்திருக்கேன். அந்த வீடியோவ எடுத்த ஃபோன் இன்னும் அலமாரில கிடக்குதா? யாருக்காவது வாட்ஸப்ல அனுப்பினீங்களா, தரம் குறைஞ்சிருந்தாலும் குரல் இருக்குமே. சொந்தக்காரங்க ஃபோன், பழைய லேப்டாப், மெயில்ல போட்ட அட்டாச்மென்ட், கூகுள் ஃபோட்டோஸ்ல தெரியாம ஆன் ஆயிருந்த பேக்கப், எல்லாத்தையும் பாருங்க. கேமராவோட மெமரி கார்ட அழிச்சு திரும்ப யூஸ் பண்ணாம வெச்சிருந்தீங்கன்னா அதையும் இமேஜ் எடுத்து ஃபோட்டோரெக் ஓட்டுங்க, அழிச்ச படம்கூட கிளம்பி வரும்.

ஃபைல் கைக்கு வந்ததும் எண்ணிக்கைய மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க. ஃபோட்டோவ ஒவ்வொண்ணா பெரிசாக்கிப் பாருங்க, பாதி படம் சாம்பல் நிறமா போயிருந்தா அந்த எடம் படிக்கலன்னு அர்த்தம், அப்பா வீடியோவ முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஓட விட்டு கேளுங்க. எல்லாம் ரெண்டு எடத்துல காப்பி ஆகி நீங்க திருப்தியா பாத்து முடிக்கற வரைக்கும் பழைய டிஸ்க்கும், அதோட டப்பாவும், அந்த குட்டி போர்டும் அந்த பெட்டிக்குள்ளயே இருக்கட்டும், லேப்லேர்ந்தும் அத கேட்டு வாங்கிக்கோங்க.